தம்பிக்குத் தெரியாத மாத்திரை

கேள்வி: நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். வயது 42. அம்மா சீதனமாகத் தந்த வீட்டில் கணவரோடும் மகளோடும் இருக்கிறேன். தம்பியும் எங்களோடுதான். 31 வயது, கலியாணம் ஆகவில்லை, நல்ல ஓடாவி. எட்டு வருடம் குடித்தான். முதலில் கசிப்பு, பிறகு சாராயம். போன ஆவணியில் ஒரேயடியாக நிறுத்தப்போய் வலிப்பு வந்து வைத்தியசாலையில் கிடந்தான். அன்றிலிருந்து ஏழு மாதமாகக் குடிக்கவில்லை. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் 'டைசல்பிராம்' என்ற மாத்திரையைக் கிளினிக்கில் கொடுத்தார்கள். இரண்டு மாதம் போட்டுவிட்டு, இனித் தேவையில்லை என்று நிறுத்திவிட்டான். எனக்குப் பயம் விடவில்லை. பழைய மருந்துத் துண்டைக் காட்டி வெளியே பாமசியில் அதை வாங்கி, பொடித்து, காலையில் பிளேன்டீயில் கலந்து கொடுத்து வருகிறேன். கணவருக்கும் தெரியாது.

இரவில் அவன் தூங்கிய பிறகு போனை எடுத்துப் பார்ப்பேன். வரப் பிந்தினால் ஒழுங்கை முனையில் போய் நிற்பேன். சனிக்கிழமைச் சம்பளத்தைப் பாஸ் என் கையில்தான் தருகிறார். அவன் கடனை அடைக்க என் காப்பை அடகு வைத்தேன். அவன் அடகு வைத்த தச்சுச் சாமான்களை மீட்டு என் அலுமாரியில் பூட்டியிருக்கிறேன். வேலைக்குப் போகும்போது எடுத்துக் கொடுப்பேன். போன வாரம் ஒரு வீட்டில் கதவுக்குப் பொலிஷ் பூசும்போது முகமெல்லாம் சிவந்து, நெஞ்சு படபடத்து, அரைநாளில் திரும்பி வந்தான். குடிக்கவில்லை என்று அம்மாவின் படத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தான். வாயை மணந்து பார்த்தேன், மணம் இல்லை. இப்போது பாசிக்குடாவில் மூன்று மாத ஹோட்டல் வேலை வந்திருக்கிறது, போகப்போகிறேன் என்கிறான். அங்கே யார் பார்ப்பது?

மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். "அம்மாவுக்கு மாமாவை மட்டும்தான் தெரியும்" என்கிறாள். கணவர் சண்டை பிடிப்பதில்லை, கதைப்பதையே குறைத்துவிட்டார். கூடப் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர், ஒருவரின் குடியைச் சுற்றியே தன் வாழ்க்கையைக் கட்டிக்கொள்ளும் இந்த நிலைக்குக் 'கோடிபென்டன்சி' என்று பெயர், நீங்களும் ஒரு நோயாளிதான் என்றார். குடியை விட்டது அவன், தூக்கம் போனது எனக்கு. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மட்டும் நாளை வரை காத்திருக்காது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிளேன்டீயில் மாத்திரை கலப்பதை இன்றே நிறுத்துங்கள். நாளைக் காலைத் தேநீர் வெறும் தேநீராக இருக்கட்டும். போன வாரம் தம்பிக்கு நேர்ந்தது பெரும்பாலும் அந்த மாத்திரையின் வேலையாக இருக்கலாம்.

நாம் குடிக்கும் மதுவை ஈரல் இரண்டு படிகளில் உடைக்கிறது. முதல் படியில் அசற்றல்டிகைட் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். இரண்டாம் படியில் அது தீங்கில்லாத பொருளாக மாறிவிடும். டைசல்பிராம் இந்த இரண்டாம் படியைத் தடுத்துவிடுகிறது. நச்சு உடம்பில் தேங்குகிறது. முகம் சிவக்கும், தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும். கடுமையானால் இரத்த அழுத்தம் விழுந்து, மாரடைப்பு வரை போய், உயிரே போகலாம். இதற்குச் சாராயம்தான் வேண்டும் என்றில்லை. மதுசாரம் கலந்த சில இருமல் மருந்துகளும், சவரம் செய்த பின் பூசும் வாசனைத் திரவமும் போதும். ஓடாவிகள் பூசும் பிரெஞ்ச் பொலிஷ் ஸ்பிரிட்டில் கரைத்தது. யன்னல் பூட்டிய அறைக்குள் அதை மணிக்கணக்கில் சுவாசித்துக்கொண்டு நிற்பவருடைய உடம்பில் டைசல்பிராம் இருந்தால், ஒரு துளி குடிக்காமலே முகம் சிவந்து நெஞ்சு அடித்துக்கொள்ளலாம். இந்த மாத்திரை மருந்தான கதையும் ஏறக்குறைய இதேதான். இறப்பர்த் தொழிற்சாலைகளில் பாவித்த இரசாயனம் இது. அதோடு புழங்கிய தொழிலாளர்களுக்கு மது ஒத்துக்கொள்ளாமல் போனது. பிறகு 1940களின் கடைசியில் டென்மார்க் ஆய்வாளர்கள் அதைக் குடிநோய்க்கான மருந்தாக்கினார்கள்.

தம்பி சத்தியம் செய்தது பொய்யில்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் அவருடைய வாயை மணந்து பார்த்தீர்கள். அவரோ தனக்கு இருதய நோய் வந்துவிட்டதோ என்று பயந்துகொண்டிருப்பார். காரணம் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

ஆகவே தம்பியிடம் சொல்லியாக வேண்டும். இதைத் தவிர்க்க வழியில்லை. கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைக்கும் அதன் வேலை உடம்பில் இருக்கும். அந்த நாட்களில் அவர் எதைத் தொடக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொலிஷ் வேலையையும் இந்த இரண்டு வாரமும் தள்ளிவைக்கட்டும். நீண்ட விளக்கம் வேண்டாம், அழுகையும் வேண்டாம். "நீ நிறுத்திய மாத்திரையை நான் உனக்குத் தெரியாமல் தேநீரில் கலந்து தந்தேன். போன வாரம் உனக்கு வந்தது அதனால் இருக்கலாம். அது பிழை. இனிச் செய்யமாட்டேன். இரண்டு பேரும் கிளினிக் போய் வைத்தியரிடம் சொல்லுவோம்." இவ்வளவுதான். "உன் நன்மைக்குத்தான் செய்தேன்" என்பதைச் சேர்க்காதீர்கள். அது அவருக்கே தெரியும்.

கோபப்படுவார், ஒருவேளை இரண்டு நாள் சாப்பிடமாட்டார். "அப்படியென்றால் குடிக்காமல் இருந்தது நான் இல்லையா, உன் மாத்திரையா?" என்றும் கேட்கலாம். அதற்குப் பதில் இருக்கிறது. அந்த மாத்திரை குடிக்கும் ஆசையைக் குறைப்பதில்லை. குடித்தால் படப்போகும் பாட்டை அறிந்தவரைத்தான் அது தடுக்கும். தேநீரில் அது இருப்பது அவருக்குத் தெரியாது. ஆகவே இந்த ஐந்து மாதமும் குடிக்காமல் இருந்தது முழுக்க முழுக்க அவர்தான். இதை உங்கள் வாயால் அவரிடம் சொல்லுங்கள்.

கிளினிக்கில் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். ஈரல் பரிசோதனையும் இருதய ஈ.சி.ஜி.யும் எடுக்கச் சொல்லக்கூடும். இந்த மாத்திரை கொடுக்கும்போது ஈரலைக் கவனித்துக்கொள்ள வேண்டும். இருதய நோய் உள்ளவர்களுக்கு இதைக் கொடுப்பதே இல்லை. ஐந்து மாதம் எந்தப் பரிசோதனையும் இல்லாமல் போயிருக்கிறது. இதற்கிடையில் நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், மாத்திரையின் பெயரையும் சொல்லுங்கள்.

அடுத்தது, உங்களை 'நோயாளி' என்ற அந்தப் பேச்சு.

உங்கள் சக ஆசிரியை நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அமெரிக்காவில் குடிநோய்ச் சிகிச்சை நிலையங்களைச் சுற்றிப் பிறந்து, 1980களில் பரவிய கருத்து அது. 1986இல் டிமன் செர்மாக் என்ற மனநல வைத்தியர் அதை ஆளுமைக் கோளாறுகளில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்று வாதாடினார். அமெரிக்க மனநல வைத்தியர்களின் நோய்ப்பட்டியலில் அது இன்றுவரை இடம்பெறவில்லை. இங்கிலாந்தில் ஜிம் ஓர்போர்டும் அவரோடு சேர்ந்தவர்களும் மெக்சிகோ, இங்கிலாந்து, அவுஸ்திரேலியப் பழங்குடி மக்கள் என்று பல இடங்களில் குடிநோயாளர்களின் குடும்பங்களோடு கதைத்து வேறொரு முடிவுக்கு வந்தார்கள். அந்தக் குடும்பங்களில் இருப்பவர்கள் நோயாளிகள் அல்லர். கடுமையான நெருக்கடிக்குள் மாட்டிக்கொண்டு, தெரிந்த வழியில் சமாளிக்கும் சாதாரண மனிதர்கள். நான் இவர்கள் பக்கம். எட்டு வருடம் அந்த வீட்டில் உலை கொதித்ததும், கரண்ட் பில் கட்டியதும், தம்பி உயிரோடு வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்ததும் உங்களால்தான். இதற்கு நோய்ப்பெயர் வைப்பது நியாயமில்லை. நம் நாட்டில் அந்தப் பெயரை எந்த ஆணுக்காவது சூட்டி நான் கேட்டதும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அவர் குடித்துக்கொண்டிருந்தபோது தேவைப்பட்ட காவல், அவர் குடியை விட்ட பிறகும் அப்படியே நிற்கிறது. அவருக்கு ஏழு மாதம் கடந்துவிட்டது. நீங்கள் இன்னமும் போன ஆவணியில் நிற்கிறீர்கள்.

அப்படியென்றால் கையை விட்டுவிடுவதா? மேல்நாட்டுப் புத்தகங்கள் சில அப்படித்தான் சொல்கின்றன: விலகி நில், உன் வாழ்க்கையைப் பார், அவன் விழுந்தால் விழட்டும். மட்டக்களப்பில் அது நடக்கிற காரியமா? தாய் வீடு மகளுக்குப் போகிற ஊர் இது. கலியாணம் ஆகாத தம்பிக்கு அக்காவின் வீட்டை விட்டால் வேறு வீடு கிடையாது. உங்கள் மகளுக்கு அவர் தாய்மாமன். நாளை அவளுடைய கலியாணத்தில் அவருக்கென்று ஓர் இடம் இருக்கிறது. வெட்டிவிடச் சொல்லும் ஆலோசனையை நீங்களும் கேட்கமாட்டீர்கள், நானும் சொல்லமாட்டேன்.

குடும்பம் ஒதுங்கினால்தான் ஆள் திருந்துவார் என்பதற்கு ஆய்வுகளும் துணை நிற்கவில்லை. சிகிச்சைக்கு வர மறுக்கும் குடிநோயாளர்களின் உறவினர்கள் 130 பேரை வைத்து அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நடந்த ஆய்வு ஒன்று 1999இல் வெளிவந்தது. உறவினர்களுக்கு மூன்று வழிகளில் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். குடிக்காத நேரத்தில் அன்பும் பாராட்டும், குடித்த நேரத்தில் சண்டையில்லாமல் விலகல், கூடவே தன் வாழ்க்கையையும் கவனித்தல் என்று பழகியவர்களின் உறவினர்களில் 64 வீதமானோர் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லோரும் கூடி ஆளை உட்காரவைத்து நேருக்கு நேர் கேட்கும் வழியில் 30 வீதம். குடிநோயாளர்களின் குடும்பத்தாருக்காக 1951இல் தொடங்கிய அல்-அனான் என்ற அமைப்பு, ஆளை மாற்ற முயலாதே, உன்னைப் பார் என்று சொல்கிறது. அந்த வழியில் 13 வீதம். (ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுவருவது அல்-அனானின் நோக்கமே அல்ல, அதையும் சொல்லாமல் விட்டால் அநியாயம்.) உங்கள் தம்பி ஏற்கெனவே சிகிச்சைக்கு வந்துவிட்டவர். இருந்தாலும் இந்த ஆய்வு உங்களுக்கும் பொருந்தும். குடும்பத்தின் கை தேவைதான். அந்தக் கை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

உதவி எது, காவல் எது என்று பிரித்துப் பார்க்க என் கிளினிக்கில் நான் இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறேன். நான் செய்வது அவருக்குத் தெரியுமா, அவர் சம்மதித்தாரா? இது ஒன்று. இதை அவரே செய்துகொள்ள முடியாதா? இது மற்றது.

மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். டைசல்பிராம் நல்ல பலன் தருவதே வீட்டில் ஒருவர் முன்னிலையில் விழுங்கும்போதுதான். தனியாக விட்டால் பலர் இடையில் நிறுத்திவிடுவார்கள். தம்பி வைத்தியரோடு கதைத்து, மறுபடியும் போடுகிறேன், நீ பார்த்துக்கொண்டிரு அக்கா என்றால், காலையில் நீங்கள் தண்ணீரோடு மாத்திரையை நீட்டுவதும் அவர் உங்கள் முன்னால் விழுங்குவதும் முதல்தரமான சிகிச்சை. அதே மாத்திரை, அதே கை, அதே காலை நேரம். அவருக்குத் தெரியும் என்பது ஒன்றுதான் வித்தியாசம். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். குடிவேட்கையைக் குறைக்கும் வேறு மருந்துகளும் இருக்கின்றன. அவை பொலிஷ் மணத்தோடு சண்டை பிடிப்பதில்லை. எது பொருத்தம் என்று வைத்தியர் சொல்வார்.

சம்பளத்துக்கும் இதே கேள்விதான். பாஸ் உங்கள் கையில் பணம் கொடுப்பது தம்பி கேட்டுக்கொண்டதாலா, நீங்கள் கேட்டுக்கொண்டதாலா? கடிதத்தில் அது தெளிவாக இல்லை. நீங்கள் கேட்டதென்றால், வேலைத்தலத்தில் எல்லோர் முன்னாலும் 31 வயது ஆள் ஒவ்வொரு சனிக்கிழமையும் சின்னப் பிள்ளையாகிறார். சனிக்கிழமைச் சம்பளம் ஆபத்தானது என்பதை நான் மறுக்கவில்லை. கையில் காசும், கூட வேலை செய்கிறவர்களும், போகிற வழியில் தவறணையும் ஒன்றாகச் சேருகிற பொழுது அது. அந்த ஆபத்தைப் பற்றி தம்பியிடமே கேளுங்கள். "சம்பளத்தை என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய்?" வங்கியில் போடச் சொல்கிறேன் என்பார், அல்லது பாதியை நீ வைத்திரு என்பார். பாதியை வைத்திரு என்று அவர் சொல்லி நீங்கள் வைத்திருந்தால் அது உதவி. பாஸிடம் சொல்ல வேண்டியதும் அவரேதான்.

போனைப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். இதில் பேச அதிகம் இல்லை. குடிக்கிறவர் குடிப்பதைப் போனில் எழுதிவைப்பதில்லை. நீங்கள் தேடுவது அவருடைய குடியை அல்ல, உங்கள் பயத்துக்கு ஒரு ஆறுதலை. அது அரைமணி நேரம் நிற்கும், பிறகு மறுபடியும் பார்க்கத் தோன்றும். ஒழுங்கை முனையில் நிற்பதும் அப்படித்தான். பிந்துவதானால் ஒரு அழைப்பு எடுக்கச் சொல்லுங்கள். இது யாரும் வீட்டாரிடம் கேட்கக்கூடியது. அழைப்பு வந்தால் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுங்கள்.

அலுமாரிக்குள் இருக்கும் தச்சுச் சாமான்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். உங்கள் சேலைகளுக்குக் கீழே உளியும் சீவுளியும் கிடக்கின்றன. ஓடாவிக்குத் தன் உளியைத் தானே தீட்டி, எண்ணெய் பூசி, தன் பெட்டியில் தன் ஒழுங்கில் அடுக்கினால்தான் மனம் ஆறும். வேலை முடிந்து வந்து சாணைக்கல்லோடு உட்காரும் ஒரு மணி நேரம், முன்பு தவறணைக்குப் போன அதே மாலை நேரம் என்பதையும் யோசியுங்கள். குடியை விட்டவர்களுக்குப் பெரிய எதிரி பல வேளைகளில் சாராயம் அல்ல, என்ன செய்வதென்று தெரியாத ஐந்து மணி முதல் எட்டு மணி வரைக்குமான பொழுது. அந்தப் பொழுதுக்கு உரிய சாமான்களை நீங்கள் பூட்டி வைத்திருக்கிறீர்கள். திறப்பைக் கொடுக்காதீர்கள், சாமான்களையே கொடுத்துவிடுங்கள். பெட்டியோடு அவருடைய அறையில் இருக்கட்டும். கொடுக்கும்போது ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: இனி அடகுக்குப் போனால் நான் மீட்கமாட்டேன். சொன்னால் மீட்கக் கூடாது. மீட்காமல் இருக்க முடியாது என்று நினைத்தால் அந்த வசனத்தைச் சொல்லவே வேண்டாம். சொல்லிவிட்டு மீறுகிற எல்லை, எல்லை வைக்காததை விட மோசமானது.

கடன் இரண்டாவது கேள்விக்குள் வருகிறது. உங்கள் காப்பு போய்விட்டது, அதைத் திருப்பி எடுப்பதை அவருடைய பொறுப்பில் விடுங்கள். மிச்சமிருக்கும் கடன்களை அவரே ஒரு கொப்பியில் எழுதட்டும்: யாருக்கு, எவ்வளவு, மாதம் எவ்வளவு கொடுக்க முடியும். கடன்காரர் வாசலுக்கு வந்தால் "தம்பியிடம் கதையுங்கள்" என்று சொல்லி உள்ளே போய்விடுங்கள். முதல் தடவை கை நடுங்கும். படிப்பிக்கிறவருடைய வீட்டுக்கு முன்னால் கடன்காரர் நிற்பதைத் தெரு பார்க்கும் என்ற வெட்கம்தான் உங்களைப் பல தடவை பணம் கொடுக்க வைத்திருக்கும். அந்த வெட்கத்தைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. விசேஷ வீடுகளிலும் அப்படியே. பந்தலுக்குப் பின்னால் போத்தல் திறக்கும்போது மச்சான்மார் தம்பியைக் கூப்பிடுவார்கள். நீங்கள் ஓடிப்போய் மறிக்காதீர்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய வாய் அவருடையது. போவதா இல்லையா என்பதையும் அவர் முடிவு செய்யட்டும். போகவில்லை என்றால், அவருக்குக் காய்ச்சல் என்று நீங்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை.

மறுபடியும் குடித்துவிட்டால்? உங்கள் எல்லாக் காவலுக்கும் பின்னால் நிற்கும் பயம் இதுதான். ஒளிக்காமல் சொல்கிறேன்: குடிக்கக்கூடும். போதைச் சிகிச்சைக்குப் பிறகு திரும்ப வழுக்குகிறவர்கள் 40 முதல் 60 வீதம் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் கணக்குக் காட்டினார்கள். இரத்த அழுத்தத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்தெடுப்பவர்களில் நோய் திரும்புவது இதைவிடக் குறைவில்லை என்பதையும் அதே கட்டுரையில் எழுதினார்கள். பிரஷர் கூடிய கணவரை யாரும் துரோகி என்று சொல்வதில்லை. குடித்தால் என்ன செய்வது என்பதை, குடிக்காமல் இருக்கும் இப்போதே மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், கணவரும் இருக்க வேண்டும். குடித்துவிட்டு வந்த இரவில் கேள்வி இல்லை, சண்டை இல்லை, அழுகை இல்லை. அவர் தன் அறையில் படுப்பார். கதை அடுத்த நாள் காலையில். அந்தக் கிழமைக்குள் கிளினிக். பாஸுக்கு அவர்தான் போன் எடுப்பார், நீங்கள் அல்ல.

ஒன்றில் மட்டும் அவசரப்பட வேண்டும். ஏற்கெனவே வலிப்பு வந்த உடம்பு அது. நாட்கணக்கில் தொடர்ந்து குடித்துவிட்டு, திடீரென்று நிறுத்த வைத்தால் மறுபடியும் வலிப்பு வரலாம். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்துக்குப் பிறகு இரண்டு நாள் வரை வலிப்பு ஆபத்து; இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைக்கும் நடுக்கம், காய்ச்சல், இல்லாததைக் காண்பது, ஆளையே அடையாளம் தெரியாத குழப்பம். இது உயிராபத்து. அறைக்குள் போட்டுப் பூட்டிக் குடியை நிறுத்தப் பார்ப்பதும், மந்திரித்த கயிறு கட்டிவிட்டுக் காத்திருப்பதும் இதில்தான் ஆளைக் கொன்றுவிடும். கயிறு வேண்டுமானால் கட்டுங்கள், ஆனால் வைத்தியசாலைக் கட்டிலில் வைத்துக் கட்டுங்கள். அங்கே மருந்து கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள், தயமின் என்ற விற்றமின் பி1 ஊசி போடுவார்கள்.

உங்கள் கடிதத்தில் அடிதடி இல்லை. ஆனால் இதை வாசிக்கும் வேறு சகோதரிகள் வீட்டில் இருக்கலாம். கை நீட்டுகிற ஆள் இருக்கும் வீட்டுக்கு இந்த ஆலோசனைகள் பொருந்தாது. அங்கே முதல் வேலை பாதுகாப்பு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பிரதேச செயலகத்தில் இருக்கும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் போகலாம்.

இனி உங்கள் பக்கம்.

கணவரிடம் மாத்திரை விடயத்தைத் தம்பியிடம் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அவர் கதைப்பதைக் குறைத்தது தம்பி மேல் உள்ள கோபத்தால் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வீட்டில் தனக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது என்பதை மனிதர்கள் மணந்துவிடுவார்கள். என்ன என்று தெரியாதபோது வாயை மூடிக்கொள்வார்கள். மகள் சொன்னதற்கு விளக்கம் எதுவும் கொடுக்க வேண்டாம். பரீட்சை முடியும்வரை மாலையில் ஒரு மணி நேரம் அவள் படிக்கும் மேசையில் உங்கள் கொப்பிகளைத் திருத்துங்கள், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. அது போதும். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குப் பேச்சை விடப் பக்கத்தில் இருப்பது பிடிக்கும், ஒத்துக்கொள்ளத்தான் மாட்டார்கள்.

உங்களுக்கென்று எதை விட்டுவிட்டீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. ஏதோ இருக்கும். வைகாசிச் சடங்குக்குக் கண்ணகி அம்மன் கோயிலில் குளிர்த்தி பாடப் போவீர்களோ, அயலில் நாலு பெண்களோடு பின்னேரம் கடற்கரைக்குப் போவீர்களோ, எனக்குத் தெரியாது. எதுவோ அதை மறுபடியும் தொடங்குங்கள். தம்பி குடிக்காமல் இருந்தால் போகலாம் என்று வைக்காதீர்கள், குடித்தாலும் போங்கள். தூக்கம் இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்றாலோ, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றாலோ, நீங்களும் கிளினிக்கில் ஒரு துண்டு எடுங்கள். தம்பியின் துணையாக அல்ல, உங்கள் பெயரில். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், அதற்குக் காசு இல்லை. இரவில் மனம் பொறுக்காவிட்டால் 1926 என்ற இலக்கத்தில் மனநல உதவிக்கு ஆள் கிடைக்கும். போதைப்பொருள் பற்றிய கேள்விகளுக்கு 1927, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம்.

கடைசியாகப் பாசிக்குடா. அங்கே யார் பார்ப்பது என்று கேட்கிறீர்கள். விடுவதும் விடாததும் உங்கள் கையில் இல்லை; அவர் போகப்போகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார், போகவா என்று கேட்கவில்லை. ஆனால் உங்கள் கவலை வீண் கவலை அல்ல. உல்லாசப் பயணிகள் வரும் காலம், வீட்டைவிட்டு வெளியே தங்கல், கையில் முழுச் சம்பளம், இரவில் வேலையாட்களின் அறை. இதில் ஒவ்வொன்றும் வழுக்கும் இடம். இதை அவரிடம் சொல்லிவிட்டு, நீ என்ன திட்டம் வைத்திருக்கிறாய் என்று கேளுங்கள். திட்டம் இல்லையென்றால் சேர்ந்து யோசியுங்கள். அந்தப் பக்கம் இருக்கும்போது கிளினிக்கை வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கு மாற்ற முடியுமா என்று இப்போதே கேட்டு, கிளினிக் கொப்பியைக் கொண்டுபோகட்டும். குடிக்காத ஒருவரோடு அறை எடுக்க முடியுமா என்று பார்க்கட்டும். ஆசை கிளம்பும் இரவில் யாருக்குப் போன் எடுப்பது என்று ஒரு பெயர் அவர் மனதில் இருக்க வேண்டும். அந்தப் பெயர் உங்களுடையதாக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. அங்கே கதவு, தளபாடம் எல்லாம் பொலிஷ் வேலையாக இருக்கும். அதனால் எந்த மருந்து என்பதை வைத்தியரோடு முடிவு செய்த பிறகுதான் போக வேண்டும். குறைந்தது அந்த இரண்டு வாரமும் கழியட்டும். முழு மூன்று மாதத்துக்கும் ஒப்புக்கொள்ளாமல் முதலில் ஒரு மாதம் என்று பாஸிடம் கேட்டுப் பார்க்கவும் சொல்லலாம்.

போன பிறகு நாளுக்கு ஒரு அழைப்பு, அவர் சொல்லும் நேரத்தில். மகள் என்ன படித்தாள், வளவில் மாங்காய் காய்த்ததா என்று கதையுங்கள். குரல் தடுமாறுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்காதீர்கள். அவருக்குத் தெரியாமல் பாஸுக்குப் போன் எடுத்து விசாரிக்கவும் வேண்டாம். பாஸிடம் கதைத்தால்தான் மனம் ஆறும் என்றால், "கிழமைக்கு ஒரு தடவை பாஸோடு கதைக்கட்டுமா?" என்று தம்பியிடமே கேளுங்கள். சரி என்றால் கதையுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.